நீருக்குள் ஒரு பிரம்மாஸ்திரமா?

சென்ற ஆயுத பூஜையன்று நாம் சானமாவுக்குப் போயிருந்த சமயம், அவ்வூர் வாலிபத் தோழர்கள் சிலர் ஓசூரில் தாங்கள் வேலை செய்யும் பட்டறைக்கு நம்மை அழைத்துப் போனார்கள். லேத்துக்குச் சந்தனம், துளை போடும் இயந்திரத்துக்குக் குங்குமம், வெல்டிங் பெட்டிக்கு மாலை, வாசலில் நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய், அதில் வழுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்ட ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஆகிய இவையெல்லாம் வருஷா வருஷம் காணுகிற காட்சிகளேயானதால், அவற்றைப் பற்றி நாம் ஒன்றும் எழுத வரவில்லை. ஆனால் இவ்வருஷம் ஒரு புதுமை கண்டோம். சுவரில் சாமி படங்களின் வரிசையில் 'அரிஹந்த்' என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் படம் ஒன்றையும் மாட்டி, அதற்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டியிருந்தார்கள்.

"இது எந்தச் சாமி?" என்று கேட்டோம். அங்கிருந்த ஒரு பெரியவர் சிரிக்காமலே, "இதுதானய்யா பிரம்மாஸ்திரம். அந்தக் காலத்திலேயே நம் ரிஷிகளிடம் இருந்தது. வெள்ளைக்காரன் நம் ஏட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்துவிட்டான். இப்போது நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது" என்றார். லேத்து ஓட்டும் வாலிபர் ஒருவர் மட்டும் நம்மிடம் தனியாக வந்து, "ஐயா, இது எப்படி ஓடுகிறது, எதற்காக இருக்கிறது என்பதை எங்களைப் போன்றவர்களுக்கு விளங்கும்படி எழுதக் கூடாதா?" என்றார். அவர் பொருட்டே இதை எழுதுகிறோம்.

முதலாவது, பிரம்மாஸ்திரக் கதையைத் தீர்த்துவிடுவோம். ஒரு பொருளைச் செய்திருந்தால் அதற்கு உலை இருந்திருக்க வேண்டும். உளி இருந்திருக்க வேண்டும். அளவுகோல் இருந்திருக்க வேண்டும். செய்து கெட்டுப்போன துண்டுகளாவது குப்பையில் கிடக்க வேண்டும். ஒரு சாதாரண மரையாணி செய்வதற்கே எவ்வளவு சீவல் தரையில் விழுகிறதென்பது லேத்துக்காரருக்குத் தெரியாததல்ல. ரிஷிகள் செய்த அஸ்திரத்தின் சீவல் எங்கே? மந்திரம் சொல்லி விட்டார்களென்றால், அந்த மந்திரத்தை இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களால் ஒரு தீக்குச்சியையாவது பற்றவைக்க முடிகிறதா?

அரிஹந்த் எப்படி வந்தது? இராணுவ ஆராய்ச்சிக்காரர்களும், அணுசக்தி இலாகாவினரும், கடற்படையினரும், தனியார் தொழிற்சாலைகளும் பல்லாண்டு காலம் கூடி உழைத்ததால் வந்தது. அதன் உலைக்கு மாதிரியாக நம் கல்பாக்கத்திலேயே தரையின் மீது ஒரு உலை கட்டி, 2003-ம் வருஷத்தில் இயங்க வைத்துப் பார்த்தார்கள். யுரேனியத்தைச் செறிவாக்கும் வேலை நமக்குப் பக்கத்து மைசூரை அடுத்த இரத்தினஹள்ளியில் நடக்கிறது. உடற்கூடு குஜராத்திலுள்ள ஹசீராவில் உருவாகி, விசாகப்பட்டினத்தில் கப்பலாகச் சேர்க்கப்பட்டது. ரஷ்யர் உதவினார்கள், 2009-ல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அவர்களே அதற்காக ரஷ்யாவுக்குப் பகிரங்கமாக நன்றி சொன்னார். ஏட்டைத் தூக்கிக்கொண்டு போனவனிடமிருந்து ஏட்டைப் பிடுங்கி வந்ததாக அவர் சொல்லவில்லை.

26-7-2009 அன்று விசாகப்பட்டினத்தில் கப்பலை நீரில் இறக்கிய போது, பிரதமரின் மனைவியார் அதன் மேல் தேங்காய் உடைத்தார். மேல்நாட்டில் சாராயப் புட்டி உடைப்பார்கள், இங்கே தேங்காய். இரண்டும் ஒரே யோக்கியதையுடையவைதான். நாம் கேட்பது ஒரு சின்னக் கணக்கு. தேங்காய் உடைத்தது 2009. உலையில் அணுத்தொடர் வேலை ஆரம்பித்தது 10-8-2013. கடற்படையில் சேர்ந்தது 2016. தேங்காய்க்கு ஏதாவது சக்தி இருந்திருந்தால் நடுவில் ஏழு வருஷ காலம் இஞ்சினீயர்களும் தொழிலாளர்களும் எதற்காகப் பாடுபட்டார்கள்?

நிற்க. இனி அது வேலை செய்யும் விதம்.

நீர்மூழ்கி என்பது புதியதல்ல. தொட்டிகளில் கடல்நீரை விட்டுக்கொண்டால் அமிழும். அழுத்திய காற்றைக் கொண்டு அந்நீரை வெளியே தள்ளினால் மிதக்கும். குடத்தைக் கிணற்றில் முக்கி எடுத்த எவருக்கும் இது விளங்கும். ஆனால் கிணறு வேறு, கடல் வேறு. 100 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் சுமார் 100 டன் பாரம் அழுத்தும். அங்கே ஒரு வெல்டிங் ஒட்டில் ஊசிமுனைக் குற்றமிருந்தாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வழியில்லை. ஆகையால் நீருக்கடியில் மனிதனைக் காப்பாற்றுவது வெல்டரின் கை. அவன் நெற்றியில் இட்ட திருநீறல்ல.

பழைய டீசல் நீர்மூழ்கிக்கு ஒரு பெருங்குறை உண்டு. எண்ணெய் எரியக் காற்று வேண்டும். காற்றுக்கு மேலே வர வேண்டும். மேலே வந்தால் எதிரி கண்டுகொள்வான். அணு உலைக்கோ காற்றே வேண்டாம். யுரேனிய அணு பிளக்கிறது; சூடு பிறக்கிறது; மிகுந்த அழுத்தத்தில் வைத்த நீர் கொதிக்காமலே அச்சூட்டைச் சுமந்துபோய் வேறொரு நீருக்குக் கொடுக்கிறது; அந்நீர் ஆவியாகி டர்பைனைச் சுழற்றுகிறது; டர்பைன் கப்பலைத் தள்ளும் சுழல்விசிறியைச் சுழற்றுகிறது. ஆக, இட்டிலிப் பானையில் மூடியைத் தூக்குகிற அதே ஆவிதான் இங்கும் வேலைக்காரன். அடுப்பு மட்டும் வேறு. அரிஹந்தின் உலை 83 மெகாவாட் வெப்பசக்தி உடையது. கப்பலின் நீளம் சுமார் 110 மீட்டர். எடை சுமார் 6,000 டன். சுவாசிக்கும் காற்றையும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தே உண்டாக்கிக்கொள்ளலாம். எனவே இப்படிப்பட்ட கப்பலை மேலே வரச்செய்வது கப்பலின் குறையல்ல. உள்ளே இருக்கும் மனிதர்களின் வயிறும் மனமுமேயாகும்.

அதன் முதுகில் நான்கு பெரிய குழாய்கள் செங்குத்தாக இருக்கின்றன. அவற்றில் சுமார் 750 கிலோமீட்டர் போகும் கே-15 ஏவுகணைகள் 12, அல்லது சுமார் 3,500 கிலோமீட்டர் போகும் கே-4 ஏவுகணைகள் 4 வைக்கலாமென்கிறார்கள். ஏவுகணையை முதலில் வாயுவின் விசையால் நீருக்கு வெளியே தள்ளி, பிறகு நெருப்பு மூட்டுவார்கள். எரிபொருள் தீர்ந்ததும் அது எறிந்த கல்லைப் போலப் புவியின் ஈர்ப்பில் வளைந்து போய் விழும். மாந்தோப்பில் கல்லெறிந்த பையன் அறியாமலே செய்த கணக்கை இவர்கள் அறிந்து செய்கிறார்கள். வித்தியாசம் இவ்வளவே: அந்தக் கல்லுக்கு ஒரு மாங்காய் விழும், இந்தக் கல்லுக்கு ஒரு பட்டணம் விழும்.

இக்கப்பலின் உண்மையான பலம் ஏவுகணையில்கூட இல்லை. அது எங்கே இருக்கிறதென்று எவருக்கும் தெரியாமலிருப்பதில்தான் இருக்கிறது. சானமாவுத் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதேயில்லை. கேழ்வரகு முற்றுகிற பருவத்தில் காட்டுக்குள் யானைக் கூட்டம் வந்து தங்குகிறது. அவ்வளவு பெரிய உருவம் இருட்டில் பத்தடி தூரத்தில் நின்றாலும் சத்தம் காட்டாமல் நிற்கும். எங்கே நிற்கிறதென்று தெரிந்த யானைக்கு ஊரார் பறையடித்துப் பட்டாசு கொளுத்துகிறார்கள். எங்கே நிற்கிறதென்று தெரியாத யானைக்குத்தான் ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறது. (அதைப் பிள்ளையார் என்று பகலில் கும்பிட்டு இரவில் வெடி வைத்து விரட்டுகிற விந்தையைப் பற்றிப் பின்னொரு முறை பேசுவோம்.) நீர்மூழ்கியும் அந்த யானையே. ஆகவேதான் அதற்குள் ஒரு பம்பு இரைந்தாலும் ஆபத்தென்று, எதிரியின் ஒலிக்கருவிக்கு எட்டாதபடி அதைச் சத்தமற்றதாக்க இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

பகைவர் கப்பலுக்கு ஒரு நகரம் எப்படி நடுங்குமென்பதற்கு நம் பாஷையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 22-9-1914 இரவில் 'எம்டன்' என்னும் ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து குண்டு போட்டு, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்தது. சென்னையை விட்டு ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ஓடினார்கள். இன்றைக்கும் கெட்டிக்காரப் போக்கிரியை 'எம்டன்' என்கிறோம். ஆனால் அது நீரின் மேல் ஓடிய கப்பலானபடியால் ஏழு வாரத்துக்குள் அகப்பட்டு அழிந்தது. நீருக்குள் ஓடி, ஒரு குண்டில் ஒரு பட்டணத்தை அழிக்கும் எம்டன் எப்படியிருக்குமென்று யோசித்துப் பாருங்கள்.

ஆழத்திலிருக்கும் கப்பலுக்கு உத்தரவு எப்படிப் போகும்? சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீரில் நுழையாது. மைல் கணக்கான நீளமுடைய அலைதான் மேற்பரப்புக்குக் கீழே சில பத்தடி ஆழம் வரை இறங்கும். அப்படிப்பட்ட அலையை விடுவதற்கென்றே வானளாவிய கம்பங்கள் கொண்ட நிலையமொன்று, நம் திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணம் என்ற ஊரில் 1990 முதல் நடந்து வருகிறது. அதற்குக் கட்டபொம்மன் பெயரை வைத்திருக்கிறார்கள். கல்பாக்கத்தில் உலைக்குப் பாடம், விஜயநாராயணத்தில் கப்பலுக்குக் காது: ஆகவே இது வடக்கே எங்கோ நடக்கும் காரியமென்று தமிழன் சும்மா இருக்க நியாயமில்லை.

இவ்வளவும் சொல்லக் கேட்டு, அந்த லேத்து வாலிபரின் தாயார் அன்று மாலை டீக்கடையில் நம்மை ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரிங்க. அந்தக் கப்பல் குண்டு விட்டால் நாம் பிழைப்போமா?"

எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாத அந்த அம்மையாரின் கேள்வியைப் போலக் கூர்மையான கேள்வியை நாம் எந்தச் சட்டசபையிலும் கேட்டதில்லை. அதற்கு ஒளிவு மறைவில்லாத பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தக் கப்பல் குண்டு விடுகிற நாளில் நாம் இருக்கமாட்டோம்.

ஏனென்று சொல்லுகிறோம். இந்திய சர்க்கார் 4-1-2003-ல் வெளியிட்ட கொள்கைப்படி, அணுகுண்டை நாம் முதலில் போடுவதில்லை. நம் மேல் போட்டவனுக்குப் பெரும்பதிலடி கொடுப்பது. அந்த உத்தரவு கொடுக்கும் அதிகாரம் பட்டாளத்துக்கில்லை, ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைமைக்கே உண்டு. தரையிலுள்ள ஏவுகணையையும் விமானத்தளத்தையும் எதிரி முதல் அடியிலேயே அழித்துவிடலாம். நீருக்குள் மறைந்திருப்பதை அழிக்க முடியாது. ஆதலால் 'நீ எங்களை அழித்தாலும் உன்னை அழிக்க ஒருவன் மிச்சமிருக்கிறான்' என்று எதிரிக்குச் சொல்லுவதே இக்கப்பலின் உத்தியோகம். அரிஹந்த் அந்த உத்தியோகத்தில் முதல் ரோந்தை முடித்துத் திரும்பியதாக 5-11-2018-ல் பிரதமர் அறிவித்தார். 29-8-2024-ல் 'அரிகாட்' என்னும் இரண்டாவது கப்பலும் சேர்ந்தது. அமெரிக்கா 1960-லேயே இதை ஆரம்பித்துவிட்டது. ரஷ்யா, பிரிட்டன், பிரான்சு, சைனா ஆகியவையும் வைத்திருக்கின்றன.

ஆகவே தோழர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். இது கேடயமல்ல. மேலே வரும் குண்டைத் தடுக்கும் வேலை இதற்குக் கிடையாது. சானமாவிலிருந்து பெங்களூர் ஒன்றரை மணி வழி. விமானத் தொழிற்சாலைகளும் ஆராய்ச்சிச் சாலைகளும் நிறைந்த அந்தப் பட்டணத்தின் மேல் ஒரு குண்டு விழுந்தால், கடலுக்கடியிலுள்ள கப்பல் ஓசூரைக் காக்காது; பழி வாங்கும். 1945-ல் ஹிரோஷிமாவில் போட்ட ஒரே குண்டால் அவ்வருஷ முடிவுக்குள் மாண்டவர்கள் சுமார் 1,40,000 பேரென்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய குண்டுகளில் பல அதைவிடப் பெரியவை. எனவே கப்பல் ஜெயிப்பது சுடாதவரையில்தான். சுட்டால், அது தோற்றுப்போனதென்றே அர்த்தம்.

அப்படியானால் நம்மை இதுவரையில் காத்துவருவது எது? எதிரியின் பயமா? பயம் மட்டும் காக்குமென்றால், நரகத்துக்குப் பயந்து இந்நாட்டில் ஒரு திருடன்கூட இல்லாமலிருக்க வேண்டுமே! பயந்தவன் சில சமயம் ஒதுங்குவான். சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான். அவனை ஒதுங்கச் செய்வது புத்தி. அடிக்கச் செய்வது புத்தியில்லாமை. இதற்குச் சரித்திரத்திலேயே ருசு இருக்கிறது.

27-10-1962 அன்று கியூபாத் தீவுக்கருகில் சோவியத் நீர்மூழ்கி ஒன்று அமெரிக்கக் கப்பல்களால் சூழப்பட்டது. மேலே வரச்சொல்லி அவர்கள் சிறு வெடிகளைப் போட்டார்கள். உள்ளே தாங்க முடியாத வெப்பம்; காற்றுக் கெட்டுவிட்டது; மாஸ்கோவிலிருந்து சேதியில்லை; மேலே யுத்தம் ஆரம்பித்துவிட்டதா என்பதும் தெரியாது. கப்பலில் அணுகுண்டு பொருத்திய டார்ப்பிடோ ஒன்று இருந்தது. தலைவர் ஆத்திரங்கொண்டு அதை ஆயத்தம் செய்யச் சொன்னதாகவும், வாசிலி அர்கிபோவ் என்னும் அதிகாரி பொறுமையாய்ப் பேசித் தடுத்ததாகவும் உடனிருந்தவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். கப்பல் மேலே வந்தது, உலகம் பிழைத்தது. அன்று காத்தது எந்த ஆண்டவனுமல்ல, எந்த ஆயுதமுமல்ல; 'கொஞ்சம் பொறு, யோசிப்போம்' என்ற ஒரு மனிதனுடைய மூளையேயாகும்.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு ஒன்றைப் பிரிட்டனில் காணலாம். அங்கே பிரதமராக வருகிறவர் தம் கையால் நான்கு கடிதங்கள் எழுதி, ஏவுகணை நீர்மூழ்கி ஒவ்வொன்றின் பெட்டகத்திலும் ஒன்றாகப் பூட்டி வைக்கிறார். நாடே அழிந்து, அவரும் மாண்டுபோனால் என்ன செய்வதென்ற கட்டளை அதிலிருக்கும். செத்துப்போனவன் எழுதிவைத்த வாசகத்துக்குக் கட்டுப்பட்டு உயிரோடிருப்பவன் உயிரோடிருப்பவர்களைக் கொல்ல வேண்டுமா என்று கடலுக்கடியில் ஒருவன் தீர்மானிக்க வேண்டும்! மாண்டவர் எழுதிவைத்ததாலேயே ஒரு காரியம் சரியாகிவிடாது என்று நாம் மனுவின் சாஸ்திரத்தைப் பற்றிச் சொல்லிவருவது இந்தச் சாஸ்திரத்துக்கும் பொருந்தும்.

இப்படிச் சொல்லுவதால், "அப்படியானால் கப்பலை உடைத்துப்போடச் சொல்லுகிறீரா? பக்கத்து நாடுகள் குண்டு வைத்திருக்கும்போது நாம் மட்டும் வெறுங்கையோடு நிற்பதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒருவன் மட்டும் கத்தியைக் கீழே போட்டால் மற்றவனும் போட்டுவிடுவான் என்று நம்பச் சொல்லுவதும் ஒருவகை மூடநம்பிக்கையே. எல்லாரும் சேர்ந்து கணக்குப் பார்த்துக் குறைக்க வேண்டும். அமெரிக்காவும் ரஷ்யாவும் குவித்திருந்த குண்டுகளில் பெரும்பகுதியைப் பேச்சுவார்த்தையின் மூலம் முன்னொரு காலத்தில் குறைத்துத்தான் இருக்கிறார்கள். ஆகவே முடியாத காரியமல்ல. அதுவரையில் கப்பல் இருக்கட்டுமென்று ஒருவர் சொன்னால், அதைப் பற்றி நாம் அவரோடு வாதாடலாம். சண்டை பிடிக்க மாட்டோம். ஆனால் அதைக் கும்பிடுவதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

ஏனென்றால், கும்பிடுகிறவன் கேள்வி கேட்க மாட்டான். இக்கப்பல் வெகுகாலம் பொதுஜனங்களுக்குத் தெரியாமலே கட்டப்பட்டது. கல்பாக்கத்து உலையை 2009-ல்தான் வெளியாருக்குக் காட்டினார்கள். 2016-ல் கப்பல் கடற்படையில் சேர்ந்ததைக்கூட அப்போது வாய்திறந்து சொல்லவில்லை. எதிரிக்குத் தெரியக் கூடாததை மறைப்பது நியாயம். ஆனால் வரி கொடுக்கிறவன் 'எவ்வளவு பணம்? விபத்து நேர்ந்தால் கடலுக்கும் மீனவனுக்கும் என்ன கதி? உலைக்குப் பக்கத்தில் வேலை செய்பவனுக்கு என்ன பாதுகாப்பு?' என்று கேட்டால், அவனையும் எதிரியாகப் பார்ப்பது நியாயமல்ல. கர்ப்பக்கிரகத்துக்குள் எல்லாரும் வரக்கூடாதென்று சொல்லி நம்மை வெளியே நிறுத்தியவர்களை நாம் மறந்துவிடவில்லை. இரும்பினால் ஒரு புதுக் கர்ப்பக்கிரகம் கட்டிக்கொண்டு அதற்கும் நாமே சூடம் காட்டுவதா?

விபத்து என்பது வெறும் பேச்சுமல்ல. 3-10-1986-ல் அட்லாண்டிக் கடலில் கே-219 என்னும் சோவியத் ஏவுகணை நீர்மூழ்கியின் குழாயொன்றில் கடல்நீர் கசிந்து வெடித்தது. உலை தானாக அடங்கவில்லை. செர்கே பிரெமினின் என்னும் இருபது வயதுப் பையன் அனலுக்குள் போய், கட்டுப்பாட்டுத் தண்டுகளைத் தன் கையாலேயே இறக்கி உலையை அணைத்தான். வெளியே வரக் கதவு திறக்கவில்லை; உள்ளேயே மாண்டான். கப்பல் மூன்றாம் நாள் மூழ்கியது. அவன் வயதுதான் அந்த லேத்து வாலிபருக்கும் இருக்கும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிஹந்த் என்றால் பகைவரை அழிப்பவன் என்கிறார்கள். ஆனால் சமணர்கள் தம்முள் இருக்கும் கோபம், ஆசை முதலிய பகையை வென்றவரையே அப்பெயரால் அழைத்தார்கள். எறும்பையும் மிதிக்காதே என்றவர்கள் அவர்கள். 1974-ல் பொக்ரானில் வெடித்த முதல் குண்டுக்கு 'சிரிக்கும் புத்தர்' என்று பெயரிட்டார்கள். கொல்லாமையைச் சொன்னவர்களின் பெயரெல்லாம் குண்டுக்கு வந்து சேருவதன் இரகசியம் என்ன? செய்கிற காரியத்தை அதன் சொந்தப் பெயரால் அழைக்க வெட்கமாயிருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, சானமாவு வாலிபர்களுக்கும் அவர்களைப் போன்ற தொழிலாளத் தோழர்களுக்கும் நாம் சொல்லிக்கொள்ளுவது இதுதான். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பொட்டை மட்டும் துடைத்துவிடுங்கள். துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு ஒட்டும், ஒவ்வொரு மரையும் உங்களைப் போன்ற மனிதன் கண்ணால் பார்த்து, அளந்து, தவறு செய்து, திருத்திச் செய்தது என்பது தெரியும். இவ்வளவு செய்த அறிவு, இதை எங்கே நிறுத்துவதென்றும் செய்யக்கூடியதே. அந்த அம்மையார் கேட்ட கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருங்கள். கேள்வி கேட்கிற ஜனங்கள் உள்ள நாட்டில்தான், நெருக்கடி வரும் நாளில் 'கொஞ்சம் பொறு, யோசிப்போம்' என்று சொல்லக்கூடிய ஒரு மனிதன் கப்பலுக்குள் இருப்பான். சூடம் காட்டிப் பழகிய ஊரிலிருந்து அப்படிப்பட்டவன் வருவானென்று நமக்கு நம்பிக்கையில்லை.